இலைமேல் விரியும் கை

நடுவர் அவர்களே, கும்பகோணத்துப் பெரியோர்களே, வணக்கம். 'உணவோடு நல்லுறவு வளரத் தேவை கட்டுப்பாடா, ருசிப்பா?' என்பது தலைப்பு. ருசித்துச் சாப்பிடுவதே என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி சோற்றை விஷம் என்றார். காவிரிக் கரையில் நின்று அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், பாராட்டுகிறேன். நானும் அவர் வழியில் போனவள்தான். 3 மாதம் சோறு, இனிப்பு இரண்டையும் விட்டேன். என்ன ஆயிற்று? ஒரு ராத்திரி 11 மணிக்கு, திருவையாற்றிலிருந்து நாத்தனார் கொடுத்தனுப்பிய அசோகா அல்வா டப்பாவைத் திறந்தேன். விளக்குப் போடவில்லை. கரண்டி சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்துவிடுவாரே என்று விரலாலேயே வழித்தேன். டப்பா காலி. ருசி எப்படி இருந்தது என்று கேட்டால், நாக்குக்கு நினைவில்லை. நெய்ப் பிசுக்கு மட்டும் விரலில் மிச்சம்.

இது அக்காவின் பேராசை என்பார் தம்பி. சரி, அமெரிக்காவுக்குப் போவோம். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் சாப்பாட்டை ஏறத்தாழப் பாதியாக்கிப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்தவர்களைத் தேற்றும் வழி தேடித்தான். அந்தப் பிள்ளைகள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. பிறகு நிறையப் போட்டபோதும் சிலருக்குப் பசி அடங்கவில்லை.

'வயிறு கேட்டதைப் போட்டால் அளவு ஏது?' என்றார் தம்பி. சாம்பார் வாளி வரும்போது இலைமேல் கையை விரித்துப் 'போதும்' என்கிறோமே, அதை எந்த டயட் சார்ட் சொல்லிக்கொடுத்தது? வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட 20 நிமிடம் போல ஆகும். சாம்பார், ரசம், மோர் என்று பந்தி நிதானமாக நகர்வதில் அந்த நேரம் கிடைத்துவிடும். டிவி முன்னால் 5 நிமிடத்தில் அள்ளிப் போட்டால் எங்கே கிடைக்கும்? அந்தக் கையை விலக்கி 'இன்னும் ஒரு கரண்டி' என்று ஊற்றுகிறவர்களும் நாம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்று நட்ட பாட்டியின் அளவு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒத்துவராது. சர்க்கரை நோய் இருந்தால் டாக்டர் சொன்னதுதான் அளவு. அதற்காகச் சோற்றோடு சண்டை எதற்கு?

அப்புறம், அடுத்த முறை அசோகா வந்தபோது கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, எல்லார் எதிரிலும் சாப்பிட்டேன். பாதியிலேயே திகட்டிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. மீதியை மூடி வைத்துவிட்டேன், வணக்கம்.