முதல் நாடகம் எழுதப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கலை விழாவில் இந்த முறை நாடகம் எழுதும் போட்டி வைத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு நாடகம்கூட மேடையேறாத புதியவர்களுக்கு மட்டுமான போட்டி. வருகிற பிரதிகளைப் படிக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். அதனால் எழுத நினைப்பவர்களிடம் கொஞ்சம் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டார்கள்.

விதிகள் எளியவை. அரை மணி நேரத்தில் முடிகிற ஓரங்க நாடகம். பாத்திரங்கள் ஐந்து பேருக்குள். தேர்வாகும் பிரதிகளை விழாவில் நடிகர்கள் உரக்க வாசிப்பார்கள். அவற்றில் ஒன்று முழு நாடகமாக மேடையேறும். எனக்குப் பரிசுத்தொகையைவிட அந்த வாசிப்புதான் பெரிதாகப் படுகிறது. தான் எழுதிய வசனத்தை அடுத்தவர் வாயால் கேட்கிற வரைக்கும், எழுதியவருக்கு அது நாடகம்தானா என்பதே தெரியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக ஆண்டுதோறும் 120 கலம் நெல் கொடுக்க ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. அளந்து கொடுத்த நெல்லின் கணக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகியும் கல்லில் நிற்கிறது. நாடகத்தின் பிரதி நம் கையில் இல்லை. அந்த மேடையில் என்ன பேசினார்கள், எந்த இடத்தில் சனம் சிரித்தது, ஒன்றும் தெரியாது. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் கதை வேறு. அங்கே வேங்கடராம சாஸ்திரி எழுதிய பாகவத மேளா நாடகங்கள் இன்றும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கின்றன. தெலுங்கில் எழுதியவை. நடுவில் தொய்ந்துபோன காலமும் உண்டு. ஆனாலும் ஊர்க்காரர்களே வேஷம் கட்டி, வசனத்தையும் பாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்ததால் அந்தப் பிரதிகள் உயிரோடு இருக்கின்றன.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட வேண்டாம். பொங்கலுக்கு இளைஞர் மன்றம் நாடகம் போட்ட ஊர்கள் டெல்டாவில் எத்தனையோ. உள்ளூர் வாத்தியாரோ, படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பையனோ நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். ஒத்திகை பள்ளிக்கூடத் திண்ணையில் நடக்கும். சீன் படுதா வாடகைக்கு வரும். அப்புறம் அந்த இடத்தைப் பாட்டுக் கச்சேரி பிடித்துக்கொண்டது. அந்த நோட்டுப் புத்தகங்களில் பல இன்று எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். புதியவர்களுக்கென்று ஒரு போட்டி வந்திருப்பதில் நான் இவ்வளவு சந்தோஷப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எப்படி எழுதுவது?

புதிதாக எழுதுகிறவர்கள் பலரும் மனதுக்குள் சினிமா ஓட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். நாலு வரிக்கு ஒரு காட்சி மாறும். வயல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, திரும்ப வயல். மேடையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விளக்கை அணைத்து, நாற்காலியைத் தூக்கி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பார்ப்பவர் மனசு வெளியே போய்விடும். ஒரே இடத்தில், ஒரே மூச்சில் நடக்கிற விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வசனம். கதை புரிய வேண்டுமே என்ற பதற்றத்தில் பாத்திரங்களைத் தகவல் சொல்ல வைத்துவிடுகிறோம். 'தம்பி, நம் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, பாகப்பிரிவினையும் முடியவில்லை' என்று எந்த அண்ணனும் தம்பியிடம் சொல்ல மாட்டார். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள். தம்பி வருகிறான். 'அண்ணே, மோட்டார் கொட்டகைச் சாவி எங்கண்ணே?' அண்ணன் நிமிராமலே, 'அப்பா இருந்தப்ப எந்த ஆணியில கெடந்துச்சோ, அதுலதான் கெடக்கு. நீதான் இந்தப் பக்கமே வர்றதில்ல.' அவ்வளவுதான். அப்பா இல்லை, தம்பி ஒதுங்கிப் போயிருக்கிறான், தண்ணீர் இறைக்கிற உரிமையில் ஏதோ சிக்கல், எல்லாமே வந்துவிட்டது. அண்ணன் நிமிராமல் பேசியது வசனத்தில் இல்லாத இன்னொரு வசனம். அதை நடிகர் பார்த்துக்கொள்வார்.

கதை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அறுவடைக் காலத்தில், விவசாயிகளிடம் அரசு நெல் வாங்குகிற நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு ராத்திரி போய் உட்காருங்கள். நெல்லைக் குவித்துவிட்டு முறைக்குக் காத்திருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழைக் காலத்தில் அரசு தளர்த்தினால் உண்டு. பகலெல்லாம் காயவைத்த நெல், ராத்திரி ஒரு தூறல் விழுந்தால் மறுநாள் மெஷினில் என்ன காட்டுமோ என்று யாரும் தூங்க மாட்டார்கள். இப்போது இதை மேடையில் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குவியல். காவலுக்கு இரண்டு பேர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவர்களுக்குள் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் நெல்லை மூடத் தார்ப்பாய் கொண்டுவந்திருக்கிறார், அது அவர் குவியலைவிடப் பெரிது. இன்னொருவரிடம் கிழிசல்தான் இருக்கிறது. மேற்கே மின்னுகிறது. யார் முதலில் பேசுவார்? கேட்பாரா? கேட்காமலே இவர் கொடுப்பாரா? கொடுத்தால் நாளைக்கு ஊரில் அது என்னவாகப் பேசப்படும்? மேடைக்கு வேண்டியது இரண்டு நடிகர், இரண்டு சாக்குக் குவியல், ஒரு தார்ப்பாய். மழை வரப் போகிறது என்பதால் நேரமும் தானாக இறுகுகிறது. இதை யாராவது எழுதி அனுப்பினால் நான் ஓடிவந்து படிப்பேன். அந்தக் களத்தில் நெல் தூற்றக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பக்கமிருந்து எழுதினால் இன்னும் சந்தோஷம். இங்கே பெண்கள் எழுதிய நாடகம் மேடையேறுவது மிகக் குறைவு.

இந்த மண்ணிலிருந்து அப்படி எழுதியவர்கள் உண்டு. மயிலாடுதுறைப் பக்கம் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி சிறுகதைக்காரராக இருந்துதான் நாடகத்துக்கு வந்தார். 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் வானொலியில் வேலை பார்த்தவர், நாடகமும் எழுதியவர். அவருடைய கதைகளில் வசனம் காதில் விழுகிற மாதிரியே இருக்கும். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. முகம் தெரியாமல் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்ட அந்தப் பழக்கம் நாடகம் எழுதுகிறவருக்கு ரொம்ப உதவும்.

ஒரு காரியம் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். எழுதி முடித்ததும் நீங்கள் வாசிக்காதீர்கள். உங்களுக்குத்தான் எந்த வார்த்தையை எங்கே அழுத்துவது என்று தெரியுமே, பிரதியின் ஓட்டையை உங்கள் குரலே அடைத்துவிடும். அக்காவிடமோ சித்தப்பாவிடமோ நண்பரிடமோ ஆளுக்கொரு பாத்திரமாகக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேனாவோடு ஓரமாக உட்காருங்கள். வாசிப்பவர் தடுமாறுகிற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அவர் தன்னை அறியாமல் வார்த்தையை மாற்றிச் சொன்னால், பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும், அதையே எழுதிக்கொள்ளுங்கள். கேட்பவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற இடம் எது என்பதையும் குறித்துவையுங்கள். அந்தப் பக்கத்தைத் தாராளமாக வெட்டலாம்.

விழாக் குழுவிடமும் ஒன்று கேட்டிருக்கிறேன். தேர்வாகாத பிரதிகளைக் கட்டி மூலையில் போட்டுவிடாமல், எழுதியவரை ஒரு நாள் கூப்பிட்டு, அதில் ஒரு காட்சியையாவது நடிகர்களை வைத்து வாசித்துக்காட்ட வேண்டும். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. புரிகிற கையெழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் போதும். நாடகத் தாள்களில் உங்கள் பெயர் வேண்டாம், பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.