யானைக்குத் தீனி போடும் கணக்கு: இங்கிலாந்தின் லெஷர் சென்டர்களுக்கு எப்படித் திட்டம் தீட்டுகிறார்கள்?

[காட்சி: சனிக்கிழமை காலை. நீச்சல் குளத்தைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவருக்கு இப்பால் பெற்றோர் வரிசை.]

வணக்கம். இங்கிலாந்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழகியிருக்கும். பிள்ளைகள் குளத்தில் கைகால் அடித்துக்கொண்டிருக்க, பெற்றோர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குளோரின் வாடை கலந்த வெக்கையில் அரை மணி நேரத்தைக் கழிப்பார்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம், பேட்மின்டன் ஆடும் உள்ளரங்கம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் அமைந்த இந்தப் பொதுக் கட்டடத்துக்குத்தான் லெஷர் சென்டர் என்று பெயர். பெரும்பாலும் இது உள்ளூர் கவுன்சிலுக்குச் சொந்தமானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவுன்சில் இதன் எதிர்காலம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும். நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறீர்கள், பேருந்தில் வருகிறீர்களா காரில் வருகிறீர்களா, உடை மாற்றும் அறை சுத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் அந்தப் படிவத்தில் கேள்விகள் இருக்கும். இந்தக் குளத்தால் ஆண்டுதோறும் விழும் துண்டை யார், எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டப்போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அதில் இருப்பதில்லை. திட்டம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுதப்படுகிறது என்பதால், இந்த வீடியோவில் அதையே பின்தொடர்ந்து செல்வோம்.

[காட்சி: சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கம்.]

முதலில் சட்டம். ஒரு கவுன்சில் நூலகச் சேவை நடத்தியாக வேண்டும் என்கிறது 1964-ஆம் ஆண்டின் பொது நூலகங்கள் சட்டம். லெஷர் சென்டருக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, கவுன்சில் விரும்பினால் இத்தகைய வசதிகளை ஏற்படுத்தலாம் என்று அனுமதி மட்டுமே தருகிறது. ஆனால் அதே நாட்டின் பாடத்திட்டமோ, தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் 25 மீட்டர் நீந்தக் கற்றிருக்க வேண்டும் என்கிறது. நீச்சல் சொல்லித்தருவது பள்ளியின் கடமை. நீந்துவதற்குத் தண்ணீர் வைத்திருப்பது யாருடைய கடமையும் அல்ல! முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் சட்டப்படி தவிர்க்க முடியாத செலவுகளாக ஏறிக்கொண்டே போகும்போது, வெட்டுவதற்கு எஞ்சியிருப்பது கட்டாயமில்லாத செலவுதான். 2023-இல் மட்டும் வோக்கிங், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் ஆகிய கவுன்சில்கள், வரவைக்கொண்டு செலவைச் சமாளிக்க முடியவில்லை என்று உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆவது பிரிவின் கீழ் அறிவித்தன. அதே ஆண்டு கோடையில், வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் கவுன்சில் தன்னுடைய லெஷர் சென்டர் ஒன்றையும் பர்ட்லி நீச்சல் குளத்தையும் மூடியது.

[காட்சி: குளத்துக்கு அடியில் உள்ள இயந்திர அறை. வடிகட்டித் தொட்டிகள், குழாய்கள்.]

அடுத்து, தண்ணீர். 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு சாதாரணக் குளத்தில் ஏறத்தாழ 4,70,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதன் வெப்பநிலையை ஒரே ஒரு பாகை உயர்த்துவதற்கு 500 யூனிட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் தேவை. இதைக்காட்டிலும் பெரிய செலவு, நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஆவியாதலில் இருக்கிறது: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது, அதே லிட்டரை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படுவதைப்போல் ஏறக்குறைய 580 மடங்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதைக் குறைக்கத்தான் குளத்தின் மேலுள்ள காற்றைத் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒரு பாகை கூடுதலான சூட்டில் வைத்திருக்கிறார்கள். இரவில் குளத்தின் மேல் போர்வை விரிக்கிறார்கள். பெற்றோர் கோட்டைக் கழற்றுவதற்கும் அந்தச் சூடான காற்றே காரணம். ஈரக் காற்றும், குளோரினும் வியர்வையும் சேர்ந்து உருவாகும் சேர்மங்களும் கூரையின் இரும்பைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். யாரும் நீந்த வராத நாளிலும் இந்தச் செலவு நிற்பதில்லை.

2022-இல் எரிவாயு விலை ஏறியபோது முதலில் தத்தளித்தவை இந்தக் குளங்கள்தான். 2023 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் மத்திய அரசு பொது நீச்சல் குளங்களுக்கென 6.3 கோடி பவுண்டு ஒதுக்கியது. அந்த மாதமே டெவன் கவுண்டியின் எக்ஸ்மவுத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது: துணி துவைக்கும் இயந்திரத்தின் அளவே உள்ள ஒரு குட்டித் தரவு மையத்தைக் குளத்தருகே நிறுவி, அதன் கணினிகள் கக்கும் சூட்டைத் தண்ணீருக்குத் திருப்பியிருந்தார்கள். அழகான ஏற்பாடு, ஐயமில்லை. ஆயினும் குளத்தின் வரவு செலவு பெரும்பாலும் கணினிகளின் சூட்டை நம்பி நடப்பதில்லை, மேல்மாடியின் டிரெட்மில்களை நம்பியே நடக்கிறது. உடற்பயிற்சிக்கூடத்தின் மாதச் சந்தா ஈட்டும் லாபம் கீழே குளத்தில் கரைகிறது. ஊருக்குள் மலிவான தனியார் ஜிம் ஒன்று திறக்கப்பட்டால், அதன் அடி முதலில் விழுவது பிள்ளைகளின் நீச்சல் வகுப்பின் மீது என்பதை ஜிம் மாறியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

[காட்சி: 1970களின் கான்கிரீட் கட்டடங்கள், கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

இக்கட்டடங்கள் ஒரே காலத்தில் மூப்படைவதற்கும் ஒரு வரலாறு உண்டு. பொதுக் குளியலறைகள் கட்ட 1846-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்துவிட்டது என்றாலும், இன்று நாம் காணும் லெஷர் சென்டர் பெருமளவில் 1970களின் பிள்ளை. 1974-இல் உள்ளாட்சி அமைப்பு முழுவதும் மாற்றியமைக்கப்பட்டபோது, கலைக்கப்படவிருந்த பழைய கவுன்சில்கள் சில, சேமிப்பைப் புதிய கவுன்சிலிடம் ஒப்படைப்பதைக்காட்டிலும் சொந்த ஊருக்குக் குளம் வெட்டிவிட்டுப் போவது மேல் என்று முடிவு செய்தன. குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. இருப்பினும், அந்த ஐந்தாறு ஆண்டுகளில் எழுந்த கூரைகளும் கொதிகலன்களும் இப்போது சேர்ந்தே பழுதாகின்றன.

கவென்ட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1966-இல் 50 மீட்டர் நீளமுள்ள மத்திய நீச்சல் குளம் திறக்கப்பட்டது. நகரச் சின்னத்தில் யானை இருப்பதால், 1970களில் அதன் அருகே கட்டிய விளையாட்டரங்கை யானை வடிவிலேயே எழுப்பினார்கள். ஊரார் அதை ‘யானை’ என்றே அழைத்தார்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சொல்வதைக் கட்டடமாகவே கட்டிக் காட்டிய ஊர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. 2019-இல் நகர மையத்தில் சறுக்குகளோடு கூடிய புதிய நீர் விளையாட்டு மையம் வந்தது. 2020 பிப்ரவரியில் 50 மீட்டர் குளம் புறநகரிலுள்ள ஆலன் ஹிக்ஸ் மையத்துக்கு இடம்பெயர, பழைய குளம் மூடப்பட்டது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால், நினைத்தவுடன் இடித்துவிட்டு மனையை விற்கவும் முடியாது. பூட்டிய கட்டடத்துக்கும் காவல், காப்பீடு, மழைநீர் ஒழுக்கு என்று செலவு தொடர்வதால், ‘மூடிவிட்டால் மிச்சம்’ என்ற கணக்கு முழுக் கணக்காவதில்லை.

ஸ்விண்டன் நகரின் ஒயேசிஸ் லெஷர் சென்டர் இன்னும் கசப்பான பாடம். 1976 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தக் கண்ணாடிக் குவிமாடத்தின் பெயரைத்தான், ஒரு இசைச் சுற்றுப்பயணச் சுவரொட்டியில் பார்த்து, மான்செஸ்டர் இளைஞர்கள் தங்கள் ராக் குழுவுக்குச் சூட்டினார்கள். பின்னாளில் கவுன்சில் அதை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. 2020 நவம்பரில் மையம் மூடப்பட்டபோது மக்கள் கவுன்சிலிடம்தான் போய் நின்றார்கள். ஆனால் சாவி கவுன்சிலின் கையில் இல்லை. 2021 டிசம்பரில் அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று.

[காட்சி: எக்ஸிடர், செயின்ட் சிட்வெல்ஸ் பாயின்ட். மூன்றடுக்குக் கண்ணாடியின் நெருங்கிய காட்சி.]

எக்ஸிடர் நகரக் கவுன்சில் எதிர்த்திசையில் நடந்தது. பழைய பேருந்து நிலைய வளாகத்தில், 4 கோடி பவுண்டுக்கும் மேலான செலவில் அது கட்டிய செயின்ட் சிட்வெல்ஸ் பாயின்ட் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாசிவ்ஹவுஸ் என்னும் ஜெர்மானியத் தரத்தின்படி பிரிட்டனில் எழுந்த முதல் லெஷர் சென்டர் இது. சாதாரணக் குளக்கூடத்தில் ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகி வழியும் என்பதால், இயந்திரங்கள் அந்தக் காற்றை ஓயாமல் வெளியேற்றி, புதிய குளிர்காற்றை இழுத்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது. இங்கே சுவரும் கண்ணாடியும் அவ்வளவு நேர்த்தியாக வெப்பத்தைக் காப்பதால், காற்றைச் சற்று ஈரமாகவே விட்டுவைக்கலாம். காற்று ஈரமாக இருந்தால் குளம் ஆவியாவது குறையும். அத்தோடு எரிசக்திச் செலவும் இறங்கும். வழக்கமான மையத்தைவிட 70 சதவீதம் வரை ஆற்றல் மிச்சமாகும் என்று திட்டமிட்டார்கள். 2080-ஆம் ஆண்டின் தட்பவெப்பத்தையும் கணித்தே வடிவமைத்தார்கள். கட்டும்போது கொடுக்கும் கூடுதல் விலை கண்ணை உறுத்தும் என்றாலும், குளத்துக்கு இந்தக் கணக்கே நியாயமானது என்பது என் கருத்து. கட்டியவரே ஐம்பது ஆண்டுகள் தீனியும் போடுவார் என்றால்.

[காட்சி: வரவேற்பு மேசை, ஊழியரின் சட்டையில் நிறுவனச் சின்னம்.]

எனவே, நடத்துபவர் யார் என்பது கட்டடத்தைவிடச் சிறிய விஷயமல்ல. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, லெஷர் சென்டர் நிர்வாகத்தையும் கட்டாயமாக ஏலத்துக்கு விடும் முறை வந்தது. 1993-இல் லண்டனின் கிரீனிச் கவுன்சில் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, ஊழியர்களே ஒரு சமூக நிறுவனமாகச் சேர்ந்து மையங்களை ஏற்று நடத்தினார்கள். ‘பெட்டர்’ என்ற சின்னத்தோடு இன்று பல நகரங்களில் இயங்குவது அந்த நிறுவனம்தான். பிற கவுன்சில்கள் அறக்கட்டளைகளை நாடியதற்கு, அறநிறுவனங்களுக்கு வணிகச் சொத்துவரியில் கிடைக்கும் 80 சதவீதக் கழிவு பெரிய காரணம். 2023-இல் கதை திரும்பியது. கவுன்சில் நேரடியாக வழங்கும் விளையாட்டுச் சேவையை வணிகமாகக் கருத வேண்டியதில்லை என்று வரித்துறை ஏற்றுக்கொள்ள நேர்ந்ததால், கவுன்சில் வாட் வரி வசூலிக்காமலே, தான் கட்டிய வாட் வரியைத் திரும்பப் பெற வழி பிறந்தது. முப்பது ஆண்டுகளாக வெளியாரிடம் கொடுப்பதற்குச் சொல்லப்பட்ட வரிக் காரணம், இப்போது கவுன்சிலே நடத்துவதற்கான காரணமாக மாறி நிற்கிறது.

திட்ட ஆவணம் உங்கள் கைக்கு வந்தால், வண்ணப் படங்களைத் தாண்டி, மாற்று வழிகளை ஒப்பிடும் அட்டவணைக்குப் போங்கள். பழுதுபார்த்தல், புதிதாகக் கட்டுதல், மூடுதல், மக்கள் குழுவிடம் ஒப்படைத்தல் ஆகியவற்றின் அருகே, எதுவும் செய்யாமல் விட்டால் ஆகும் செலவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, முதியோர், மாற்றுத்திறனாளிகள், பெண்களுக்கு மட்டுமான நீச்சல் நேரத்தை நம்பி வருபவர்கள் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்பதையும் கவுன்சில் கருத்தில் கொண்டாக வேண்டும். இருபது நிமிடப் பயணத்தில் வேறொரு குளம் இருப்பதாக வரைபடம் காட்டினால், அந்த இருபது நிமிடம் காரிலா பேருந்திலா என்று கேளுங்கள்.

[காட்சி: இங்கிலாந்து வரைபடம், மாவட்ட எல்லைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.]

இதற்கிடையே 1974 மறுபடியும் வருகிறது. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, மேலே கவுண்டிக் கவுன்சில், கீழே மாவட்டக் கவுன்சில் என்று இரண்டடுக்கு உள்ளாட்சி உள்ள பகுதிகளில் மாவட்டக் கவுன்சில்கள் கலைக்கப்பட்டு, பெரும்பாலான இடங்களில் 2028 ஏப்ரலில் பெரிய ஒற்றைக் கவுன்சில்கள் பொறுப்பேற்கவிருக்கின்றன. அந்தப் பகுதிகளில் லெஷர் சென்டர்கள் இருப்பது மாவட்டக் கவுன்சில்களிடம்தான். இம்முறை, விடைபெறும் கவுன்சில் இஷ்டத்துக்குக் குளம் வெட்டிவிட்டுப் போக முடியாது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின் கீழ் அமைச்சர் உத்தரவிட்டால், பெரிய ஒப்பந்தம் எதற்கும் அவர் குறிப்பிடும் தரப்பின் ஒப்புதல் வேண்டும். 2080-இன் வெயிலுக்குக் கட்டடம் கட்டிய எக்ஸிடர் கவுன்சிலும் இந்த மாற்றத்துக்குள்தான் வருகிறது. அடுத்து வரும் கவுன்சிலின் எல்லை எப்படி அமைந்தாலும், அந்தக் குளமும், அதன் நாளாந்தக் கணக்கும், தண்ணீர் சில்லிட்டுப்போனால் வரும் புகார்க் கடிதமும் அதன் மேசைக்கே போய்ச் சேரும்.