குரோனோ ட்ரிகர்: தின்ற சாப்பாட்டுக்கும் சாட்சி வரும் விளையாட்டு

[திரையில்: நீதிமன்றக் காட்சி. நடுவில் தனியாக நிற்கும் சிவப்பு முடிப் பையன்.]

இளவரசியைக் கடத்தியதாக உங்கள்மேல் வழக்கு. நீங்கள் கடத்தவில்லை. சொல்லப்போனால் அவரைக் காப்பாற்றி அரண்மனை வாசலில் கொண்டுவந்து விட்டதே நீங்கள்தான். ஆனால் மந்திரி விடுவதாக இல்லை. இவன் எப்படிப்பட்ட ஆள் என்று காட்டுகிறேன் என்று சாட்சிகளைக் கூப்பிடுகிறார். ஒரு பெரியவர் வருகிறார். திருவிழாவில் தான் வைத்திருந்த சாப்பாட்டை இந்தப் பையன் எடுத்துத் தின்றுவிட்டான் என்கிறார்.

விளையாடுகிறவருக்கு இங்கே தூக்கிவாரிப் போடும். ஏனென்றால் தின்றது உண்மை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திருவிழாவில் ஒரு பொட்டலம் தெரிந்தது, பட்டனை அழுத்தினோம், தின்றோம், மறந்துவிட்டோம். ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் விளையாட்டு, ஆடிப் பழகிய கைக்கு இதெல்லாம் குற்றமே இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து பெட்டியைத் திறந்து இருப்பதை வாரிக்கொண்டு போவதுதான் இந்த வகை விளையாட்டின் சம்பிரதாயம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இந்த விளையாட்டு கேட்கிறது. திருவிழாவில் அந்த இளவரசிமீது, அவள் யாரென்று தெரியாமல், மோதி அவள் விழுந்தபோது முதலில் அவளிடம் போனீர்களா, கீழே கிடந்த பதக்கத்தை எடுக்கப் போனீர்களா? அவள் மிட்டாய் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறுமையாக நின்றீர்களா? அவளுடைய பதக்கத்தை விற்கப் பார்த்தீர்களா? தொலைந்துபோன பூனையை அந்தச் சிறுமியிடம் சேர்த்தீர்களா? எல்லாம் கணக்கில் இருக்கிறது. நடுவர்கள் ஒவ்வொருவராக ஒரு பக்கம் போய் நிற்கிறார்கள்.

விளையாட்டின் பெயர் குரோனோ ட்ரிகர். 1995 மார்ச் 11 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு. என்னிடம் யாராவது பழைய ஆர்பிஜியில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஏன் என்பதுதான் இந்த வீடியோ. ஒரு எச்சரிக்கை: கதையின் பெரிய திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, முடித்த பிறகு வாருங்கள்.

[திரையில்: மூன்று பேரின் படங்கள் வரிசையாக.]

முதலில் இதைச் செய்தவர்கள். ஃபைனல் ஃபேன்டசி என்ற ஆர்பிஜி வரிசையை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சி. டிராகன் குவெஸ்ட் என்ற இன்னொரு ஆர்பிஜி வரிசையை உருவாக்கிய யூஜி ஹோரி. டிராகன் பால் காமிக்ஸ் வரைந்த அகிரா தோரியாமா. ஃபைனல் ஃபேன்டசி ஸ்குவேர் நிறுவனத்துடையது, டிராகன் குவெஸ்ட் எனிக்ஸ் நிறுவனத்துடையது. அன்றைக்கு இரண்டும் நேருக்கு நேர் போட்டியாளர்கள். ஒன்றாகச் சேர்ந்தது 2003இல்தான். 1992இல் இந்த மூவரும் கணினி வரைகலையைப் பார்த்து வர அமெரிக்கா போனார்கள். யாரும் செய்யாத ஒன்றைச் சேர்ந்து செய்யலாம் என்று அப்போது முடிவானதுதான் இது. பெரிய பெயர்கள் விளம்பரத்துக்கு உதவின. ஆனால் கதையின் கனமான பகுதிகளை எழுதிய மசாதோ கட்டோவை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவருக்கும் பாதிப் பாராட்டு போய்ச் சேர வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். கி.பி. 1000. கார்டியா நாட்டில் ஆயிரமாவது ஆண்டு விழா. க்ரோனோ என்ற பையன், அவனுடைய தோழி லூக்கா, அவள் செய்த இடம்மாற்றும் எந்திரம். விழாவில் அறிமுகமான மார்ல் என்ற பெண், அந்த இளவரசிதான், அதில் ஏறி நிற்க, அவள் கழுத்துப் பதக்கம் ஒளிர்ந்து, காலத்தில் ஒரு வாசல் திறந்து அவளை விழுங்கிவிடுகிறது. க்ரோனோ பின்னாலேயே போய்ச் சேருவது கி.பி. 600. அங்கே ராணி லீனைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தவர்கள், ஜாடை ஒத்துப்போன மார்லைப் பார்த்து ராணி கிடைத்துவிட்டார் என்று தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான ராணி மார்லின் மூதாதை. அவரைக் காப்பாற்ற இப்போது யாரும் போகவில்லை. அப்படியென்றால் மார்ல் பிறக்கவே இல்லை. உங்கள் கண் முன்னாலேயே மறைந்துபோகிறாள்.

எத்தனையோ கதைகள் பக்கம் பக்கமாக விளக்கிக் குழப்பிய காலமுரணை இந்த விளையாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண்ணை மறையவைத்துப் புரியவைத்துவிடுகிறது. இனி காலத்தோடு விளையாடினால் விலை உண்டு என்று நமக்குத் தெரியும். அந்த மந்திரி ஏன் நம்மேல் அவ்வளவு வெறியாக இருந்தார் என்ற கேள்விக்கும் கி.பி. 600இல் நாம் செய்த ஒரு காரியத்தில்தான் பதில் இருக்கிறது. அது வெளிவருவது கதையின் கடைசிப் பகுதியில்.

மார்லை மீட்டு ஊர் திரும்பியதும்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்த வழக்கு, அதற்குப் பிறகு சிறை. சிறையிலிருந்து தப்பி ஓடும்போது கி.பி. 2300க்குப் போய் விழுகிறோம். உலகம் அழிந்து கிடக்கிறது. குவிமாடங்களுக்குள் மிச்சம் இருக்கும் மனிதர்கள் கந்தலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு எந்திரம் உண்டு. உள்ளே போனால் களைப்பு, காயம் எல்லாம் தீர்ந்துவிடும். வெளியே வந்ததும் ஒரு வரி வரும்: பசி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வரும். அழிந்த உலகத்தை இதைவிடச் சிக்கனமாக எந்த விளையாட்டும் எனக்குக் காட்டியதில்லை. அழித்தது லாவோஸ் என்ற உயிர். ஆதிகாலத்தில் விண்ணிலிருந்து விழுந்து, பூமியைக் குடைந்து உள்ளே போய் உறங்கி, 1999இல் எழுந்து எல்லாவற்றையும் எரித்துவிட்டது. அந்த நாளின் பதிவை ஒரு பழைய கணினியில் நம் மூன்று பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அவர்கள் காலத்துக்கு அது 999 ஆண்டுகள் தள்ளி நடக்கப்போவது. யாரும் இவர்களைப் போகச் சொல்லவில்லை, எந்தத் தீர்க்கதரிசனமும் இல்லை. தடுத்துவிடலாம் என்று மார்ல் சொல்கிறாள், கிளம்புகிறார்கள். எனக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடிக்கும்.

[திரையில்: பாலைவனம் மெல்லக் காடாக மாறுகிறது.]

இதன் உண்மையான பலம் பக்கக் கதைகளில்தான். கி.பி. 600இல் ஃபியோனா என்ற பெண் பாலையாகிப்போன நிலத்தைக் காடாக்கப் பாடுபடுகிறாள். ஒரு ஆயுளில் முடியாத வேலை. நம் கூட்டத்தில் இருக்கும் எந்திர மனிதன் ரோபோ, நான் இங்கேயே தங்கி உதவுகிறேன் என்கிறான். அவனை விட்டுவிட்டு நாம் பறக்கும் கால எந்திரத்தில் ஏறி கி.பி. 1000க்கு வருகிறோம். நமக்கு ஆனது ஒரு நிமிடம். அவனுக்கு 400 ஆண்டுகள். பாலைவனம் இருந்த இடத்தில் காடு நிற்கிறது. நடுவில் ஒரு கோயில், அதற்குள் துருப்பிடித்து அசையாமல் ரோபோ. லூக்கா பழுது பார்த்து எழுப்புகிறாள்.

அன்று இரவு காட்டில் நெருப்பு மூட்டி எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு லூக்காவுக்கு மட்டும் ஒரு வாசல் திறக்கிறது. போனால், அவள் சிறுமியாக இருந்த நாள். அம்மாவின் உடை எந்திரத்தில் சிக்கி, கால் போகப்போகிற நிமிடம். எந்திரத்தை நிறுத்த ஒரு கடவுச்சொல் வேண்டும். நாமே கையில் இருக்கும் பட்டன்களால் அடிக்க வேண்டும், அதுவும் நேரத்துக்குள். எல், ஏ, ஆர், ஏ. அம்மாவின் பெயர் லாரா. அந்தக் கன்சோலின் கைப்பிடியில் இந்த எழுத்துகள் மூன்றுமே பட்டன்களாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். சரியாக அடித்தால் நிகழ்காலத்தில் அம்மா நடமாடுவார். தவறவிட்டால் முன்பு இருந்தபடியே நாற்காலியில்தான். ஆட்டம் முடிந்தது என்று திரை வராது. மறுபடி முயலச் சொல்லாது. கதை நகர்ந்துவிடும்.

இன்னொன்று, கொஞ்சம் சிரிப்பானது. நமக்கு வேண்டிய ஒரு கல்லை கி.பி. 1000இல் போர் என்ற ஊரின் தலைவர் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். மகா கஞ்சன். திட்டியோ அடித்தோ வேலைக்காகாது. 400 ஆண்டுகள் பின்னால் போய், அதே வீட்டில் இருக்கும் அவருடைய முன்னோரான ஒரு பெண்ணுக்கு உப்புக்கண்டம் கொடுக்க வேண்டும். அந்த உப்புக்கண்டத்தின் விலை விளையாட்டுக் காசில் 9,900. அவர் காசு தருகிறேன் என்பார். வாங்கக் கூடாது. அவர் மனம் நெகிழ்ந்து, என் பிள்ளைகளையும் பெருந்தன்மையாக வளர்ப்பேன் என்கிறார். திரும்பி வந்தால் தலைவர் தங்கமான மனிதர், கல்லை எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

முத்திரையிட்ட கறுப்புப் பெட்டிகளிலும் இதே வேலை. கி.பி. 600இல் பெட்டியைத் தொட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுக்காமல் வந்தால், 1000இல் அதே பெட்டியில் அதைவிட நல்ல பொருள் இருக்கும். அதை எடுத்த பிறகு 600க்குப் போய் பழையதையும் எடுத்துக்கொள்ளலாம். தர்க்கப்படி பார்த்தால் ஓட்டைதான். யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

[திரையில்: கடலடி அரண்மனை. வெள்ளை ஒளி.]

இப்போது பெரிய விஷயம். கதையின் பிற்பாதியில் கடலடி அரண்மனையில் லாவோஸ் முன்னால் க்ரோனோ சாகிறான். நாயகன், நாம் இவ்வளவு நேரம் நடத்திக்கொண்டு வந்தவன். அதோடு போகட்டும், அவனை மீட்பது கட்டாயமே இல்லை. மீட்காமலேயே கடைசிச் சண்டைக்குப் போய் விளையாட்டை முடிக்கலாம். மீட்க வேண்டுமென்றால் திருவிழாக் கூடாரத்தில் அவனைப் போலவே ஒரு பொம்மையை ஜெயித்து வாங்கி, அவன் செத்த அந்தக் கணத்துக்கே போய், உறைந்து நிற்கும் காலத்துக்குள் அவனை எடுத்துவிட்டுப் பொம்மையை நிறுத்த வேண்டும். அவன் கதை நெடுகப் பேசுவதே இல்லை. அதனால் அவன் இல்லாதபோது மற்றவர்கள் பேசுகிற பேச்சில்தான் அவன் யார் என்று நமக்குத் தெரிகிறது.

மேகஸ் என்ற மந்திரவாதியின் கதையும் இப்படித்தான். பாதி விளையாட்டு வரைக்கும் அவன்தான் வில்லன். பிறகு அவன் ஏன் அப்படி ஆனான் என்று தெரிகிறது. ஒரு பாறை முனையில் அவன் தனியாக நிற்க, சண்டையா இல்லையா என்று விளையாட்டு கேட்கிறது. கொன்றால், அவன் சாபத்தால் தவளையான வீரன் ஃப்ராக் முடிவுக் காட்சியில் மனித உருவம் பெறுவான். விட்டால் மேகஸ் நம் அணியில் சேர்வான். எது சரி என்று விளையாட்டு சொல்லாது. நான் எப்போதும் சேர்த்துக்கொள்கிற கட்சி. ஃப்ராக்குக்கு அது அநியாயம்தான்.

சண்டையைப் பற்றிச் சுருக்கமாக. அன்றைய ஆர்பிஜிகளில் நடந்துகொண்டிருக்கும்போது திரை சுழலும், தனிச் சண்டை மேடைக்குப் போகும். இதில் எதிரிகள் கண்ணெதிரே நிற்பார்கள், நின்ற இடத்திலேயே சண்டை. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து செய்யும் கூட்டுத் தாக்குதல்கள் உண்டு. சில நேர்கோட்டில் அடிக்கும், சில வட்டமாக. எதிரிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், மூன்று எதிரிகளும் ஒரே வரிசைக்கு வரும்வரை காத்திருப்பதா என்று யோசிக்க வைக்கும்.

[திரையில்: மேகங்களுக்கு மேல் மிதக்கும் ஸீல் நாடு. இசை மெல்ல ஏறுகிறது.]

இசை. யசுனோரி மிட்சுதா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், ஸ்குவேரில் ஒலி விளைவுகள் செய்துகொண்டிருந்தார். எனக்கு இசையமைக்க வாய்ப்புக் கொடுங்கள், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சகாகுச்சியிடமே சொன்னார். கொடுத்தார்கள். வேலை செய்து செய்து வயிற்றுப் புண் வந்து விழுந்தார். மிச்சத்தை ஃபைனல் ஃபேன்டசிக்கு இசையமைத்த நொபுவோ உயேமாட்சு முடித்துக் கொடுத்தார். நீங்கள் இப்போது கேட்பது ஸீல் நாட்டின் இசை. பனி மூடிய பூமியில் நடந்து, மேலே ஏறி, முதல் தடவை இந்த நாட்டுக்குள் வரும்போது இது ஒலிக்கும். ரோபோவுக்கும் ஃப்ராக்குக்கும் செய்த இசை 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா அணிவகுப்பில் ஒலித்தது. இந்த இசை, படங்கள், ஏழு காலங்கள் எல்லாம் அடங்கிய மொத்தக் கேசட்டின் அளவு 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட். உங்கள் போன் எடுக்கும் ஒரு போட்டோவே அதற்குக் கிட்ட வரும்.

குறையே இல்லையா? உண்டு. சுலபம், ஆர்பிஜி பழகியவர்களுக்குச் சவால் குறைவு. 2300இல் எலியைத் துரத்திப் பிடிக்கும் இடம் எரிச்சல், அதற்குப் பிறகு வரும் வண்டிப் பந்தயம் வெறும் இடைச்செருகல். ஆதிகாலப் பகுதி மற்ற காலங்களின் ஆழத்துக்கு வராது. ஐலா என்ற குகைப்பெண்ணுக்கு இன்னும் நல்ல கதை கொடுத்திருக்கலாம். ஆனால் மொத்தமும் இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நூறு மணி நேரத்தைப் பெருமையாக விளம்பரம் செய்யும் இன்றைய விளையாட்டுகளை நினைத்தால் இது எவ்வளவு பெரிய கருணை!

முடித்த பிறகு நியூ கேம் பிளஸ். பெற்ற பலத்தோடு முதலிலிருந்து ஆடலாம். அந்தப் பெயர் இதில் வந்து பிறகு எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானது. லாவோஸை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் போய் எதிர்க்கலாம். எப்போது வென்றீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும், பத்துக்கு மேல் முடிவுகள். ஒன்றில் மனிதர்களுக்குப் பதிலாகப் பல்லி இனம் உலகை ஆளும். மிகச் சீக்கிரமாக வென்றுவிட்டால் ஒரு அறைக்குள் போவீர்கள், அங்கே விளையாட்டை உருவாக்கியவர்களே நின்று பேசுவார்கள்.

எங்கே விளையாடுவது? நம்மூரில் அந்தக் காலத்தில் டிவி கேம் என்றால் மாரியோவும் கான்ட்ராவும் அடங்கிய கேசட்தான். இது பெரும்பாலும் கண்ணிலேயே பட்டதில்லை. இப்போது கஷ்டமில்லை. 1999 பிளேஸ்டேஷன் பதிப்பில் அனிமே காட்சிகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் காத்திருக்க வேண்டும், அதனால் அது வேண்டாம். 2008இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் பதிப்பு அருமை, கருவி கிடைத்தால். மற்றவர்களுக்குக் கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் இணையக் கடை. 2018இல் வந்தபோது எழுத்துருவும் படங்களும் அசிங்கமாக இருக்கின்றன என்று நிறையத் திட்டு வாங்கியது, பிறகு அடுத்தடுத்த புதுப்பிப்புகளில் சரிசெய்தார்கள். அமைப்புகளுக்குள் போய்ப் பழைய படத்தோற்றத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். போனிலும் இருக்கிறது, தொடுதிரையில் லூக்காவின் அம்மா காட்சி மட்டும் அந்த அளவுக்கு உறைக்காது. கைப்பிடி ஒன்றை இணைத்துக்கொண்டு ஆடுங்கள்.