கிணத்து மண்ணுல மின்னுறது தங்கமா?

அடுத்த கேள்வி தக்கலை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "கிணறு தோண்டுறப்போ மண்ணுல தங்கம் மாதிரி பொடிப்பொடியா மின்னுது. ஊசியால தொட்டா ஏடு ஏடா உரியுது. இது என்ன சார்? முட்டம், மணவாளக்குறிச்சி கடற்கரையில ஏன் இதப் பாக்க முடியல?"

உரியுதுன்னு சொன்னீங்க பாருங்க தம்பி, பதில் அதுலயே இருக்கு. தங்கத்த அடிச்சா தகடாகும், உரியாது. உங்க கையில இருக்கறது காக்காப்பொன், அதாவது மைக்கா. சித்த வைத்தியத்துல அப்பிரகம்பாங்க. சந்தேகம் இருந்தா ஒரு சிரட்டையில தண்ணி விட்டு அந்த மண்ணச் சுழட்டுங்க. தங்கம்னா அடியில தங்கிடும், இது மேல எழும்பிச் சுத்தும்.

ஏன் உரியுது? பூமியோட மேலோட்டுல எடைக்குக் கிட்டத்தட்ட 74 சதவீதம் ஆக்சிஜனும் சிலிக்கானும்தான். ஒரு சிலிக்கான், அதச் சுத்தி நாலு ஆக்சிஜன். இந்த ரெண்டும் சேர்ந்த கனிமத்தத்தான் சிலிக்கேட்ம்பாங்க, மைக்காவும் அதுல ஒண்ணு. சிலிக்கேட் எல்லாத்துக்கும் இதுதான் செங்கல். மைக்காவுல இந்தச் செங்கல் ஓலைப்பாய் முடைஞ்ச மாதிரி ஒரே தளத்துல விரியும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல பொட்டாசியம் லேசாத்தான் பிடிச்சிருக்கும். அதான் நகம் பட்டாலே பிரியுது. வெங்கச்சாங்கல்ல, அதான் குவார்ட்ஸ்ல, அதே செங்கல் எல்லாத் திசையிலயும் கோத்துக்கிட்டு நிக்கும். உடைச்சா கண்ணாடி மாதிரிதான் உடையும், உரிக்க வழியே இல்ல.

கடற்கரைக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மைக்கா குவார்ட்ஸ விட லேசுன்னு நினைப்போம். இல்ல, கொஞ்சம் கனம்தான். ஆனா வடிவம் ஏடு. மரத்துல இருந்து விழுற இலை மாதிரி தண்ணியில மெதுவாத்தான் இறங்கும், அதுக்குள்ள அலை இழுத்துட்டுப் போயிடும். கரையில தங்குறது உருண்டையான, கனமான மணி: சிவப்பா கார்னெட், கூட சிர்கான், சிலிமனைட். இந்த மூணும் சிலிக்கேட்தான். கறுப்பா தெரியுற இல்மனைட் மட்டும் வேற ஜாதி, அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பாறையில நிறைய இருக்கறது பயோட்டைட்ங்கற கறுப்பு மைக்கா. மண்ணுக்குள்ள மழைத்தண்ணி பட்டுப் பட்டு அது சிதையும்போதுதான் இந்தப் பொன்நிறம் வரும். கூடவே அதே பாறையில இருக்கற பெல்ட்ஸ்பார்ங்கற கனிமமும் மக்கி வெள்ளைக் களியாயிடும், உங்க கிணத்துலயும் பாத்திருப்பீங்க. இன்னும் கீழ போய் உறுதியான பாறை தட்டுச்சுன்னா ஒரு துண்டு உடைச்சுப் பாருங்க. அங்க இதே ஏடு கறுப்பா இருக்கா? போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி.