மரம் இல்லாத ஆலை

தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஐயா அவர்களே, சால்வை போர்த்தும்போதே 'பதினைந்து நிமிடம்தான்' என்று காதோடு சொன்ன செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் 1797-இல் எழுந்த நீராவி ஆலையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: தீ, இரும்பு, ஜன்னல்.

முதலில் தீ. லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தை ஒட்டி ஆல்பியன் ஆலை என்று ஒரு மாவு ஆலை. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் அரைத்துத் தள்ளியது. சிறு ஆலைக்காரர்கள் பிழைப்பில் மண். 1791 மார்ச்சில் பற்றி எரிந்தது. ஊரே திரண்டது, அணைக்க அல்ல, வேடிக்கை பார்க்க! மாவரைப்பவர்கள் பாலத்தின் மேல் ஆட்டம் போட்டார்களாம். 'ஆல்பியனின் ஆலைகள் வாழ்க, ஆல்பியன் ஆலை வேண்டாம்' என்று தட்டி வேறு. ஆல்பியன் என்றால் இங்கிலாந்தின் பழைய பெயர், இப்போது சிரிக்கலாம். பாட்டுக் கட்டி அச்சடித்தும் விற்றார்கள். சதி என்றார்கள், எந்திரம் சூடேறியது என்றார்கள். எரிந்த பிறகு பேசி என்ன? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

லீட்ஸ் நகரில் ஜான் மார்ஷலின் ஆளிநார் ஆலையும், லினன் துணிக்கு நூல் நூற்கும் ஆலை, 1796-இல் எரிந்தது. எண்ணெய் ஊறிய மரத்தளம், பறக்கும் நார்த்தூசி, விளக்கு வெளிச்சத்தில் வேலை. எரியாமல் என்ன செய்யும்? சரி, ஷ்ரூஸ்பரி ஆலையும் ஆளிநார் ஆலைதான்; வடிவமைத்தவர் மார்ஷலின் கூட்டாளி சார்லஸ் பேஜ். தொழில் ஒயின் வியாபாரம்! ஐந்து மாடி, தாங்கி நிற்க மரச்சட்டமே கிடையாது. வார்ப்பிரும்புத் தூணை அருகில் பார்த்தால் குறுக்குவெட்டு கூட்டல் குறி மாதிரி, நடுவில் சற்றே பருமன். அதன் மேல் இரும்பு உத்தரம். உத்தரத்துக்கு உத்தரம் செங்கல் வளைவு, அதன் மேல் அடுத்த மாடியின் தளம். உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடம் இதுதான். பின்னாளில் பீருக்குப் பார்லியை முளைகட்டி உலர்த்தும் மால்ட் கூடமாகி, 1987-இல் மூடி, 2022-இல் பழுதுபார்த்துத் திறந்தார்கள்.

அப்புறம் நம் கல்யாண மண்டபங்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன், செயலாளருக்கும் தெரியும். கான்கிரீட்டில் கட்டிவிட்டு உள்ளே துணிப் பந்தல், தெர்மாகோல் மேடை, பின்கதவில் பூட்டு! இந்த அரங்கின் பின்கதவைத் திரும்பிப் பாருங்கள், நாற்காலி அடுக்கியிருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? கவுன்சிலர் அம்மா, மண்டப உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஜன்னலுக்கு வந்தால்... மணி அடித்துவிட்டார்கள். பின்கதவுக்கான மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள்.