வியக்காத விண்வெளி வீரர்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, உலகத்தின் சிறந்த படம் எது என்று வாக்கெடுப்பு நடத்துகிறது. 2022-இல் இயக்குநர்கள் அளித்த வாக்கில் முதலிடம் பெற்றது '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி, 1968-இல் வெளிவந்த அறிவியல் புனைவுப் படம். அந்தப் படம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. ஏன் சலிக்கிறது என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

மதுரை மாவட்டத்தில், மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அதனால் இந்தப் படத்தின் காட்சிகள் எவ்வளவு பெரிய சாதனை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் குறை பேசினால் அது நியாயம் ஆகாது.

விண்வெளியில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது. ஆனாலும் எத்தனையோ படங்களில் விண்கலம் 'உர்ர்' என்று உறுமிக்கொண்டு போகிறது. குப்ரிக் படத்தில் போகாது. வெளியே மௌனம், அல்லது தலைக்கவசத்துக்குள் கேட்கும் மூச்சு, அல்லது இசை. அவ்வளவுதான்.

அப்புறம் அந்தச் சுழலும் விண்வெளி நிலையம். ராட்டினம் மாதிரிச் சுற்றும் சக்கரத்தின் உள்விளிம்பில் ஆட்கள் நடக்கிறார்கள். இது வெறும் அலங்காரம் இல்லை. 150 மீட்டர் ஆரமுள்ள ஒரு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், அதன் விளிம்பில் நிற்பவருக்கு நிலவில் நிற்கிற அளவுக்கு எடை தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம், என் மாணவர்கள் போட்டிருக்கிறார்கள். வியாழனுக்குப் போகும் கலத்தின் உள்ளே ஒருவர் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும் காட்சிக்காக 38 அடி விட்டமுள்ள சக்கரத்தை லண்டன் அருகே நிஜமாகவே கட்டிச் சுழற்றினார்கள். அதன் எடை ஏறத்தாழ 30 டன். கணினி வரைகலை என்ற ஒன்று சினிமாவுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது.

தொடக்கத்தில் மனிதக் குரங்குகள் வரும் பாலைவனமும் ஸ்டுடியோவுக்குள் எடுத்ததுதான். ஆப்பிரிக்காவில் எடுத்த நிழற்படங்களை, வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் ஒரு திரையில் முன்பக்கமிருந்து பாய்ச்சினார்கள். நம் நான்கு வழிச்சாலையில் வண்டி விளக்கு பட்டதும் பளிச்சென்று தெரியும் பலகையில் இருப்பதும் அதே தத்துவம்தான். குப்ரிக் தன் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கர் விருது இந்தப் படத்தின் காட்சி நுட்பத்துக்காகக் கிடைத்தது. அது முழுத் தகுதியோடு கிடைத்த விருது.

அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். நேர்கோட்டில் அளந்தால் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பூமிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போல நிறுத்தலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவர் அவர். இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து செய்த படம் சலிக்கிறது என்றால், காரணத்தைச் சும்மா சொல்லிவிட முடியாது.

பலரும் சொல்லும் காரணம், படம் மெதுவாகப் போகிறது என்பது. முதல் வசனம் கேட்கவே ஏறத்தாழ 25 நிமிடம் ஆகிறது. கடைசிப் பகுதியிலும் பேச்சே இல்லை. 1968 ஏப்ரலில் முதல் காட்சிகளிலேயே பார்வையாளர்கள் எழுந்து வெளியே போனார்கள். அதன் பிறகு குப்ரிக் 19 நிமிடத்தை வெட்டினார். இவ்வளவும் உண்மை. ஆனால் மெதுவாகப் போவது ஒரு குறை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நான் வளர்ந்த ஊர் அப்படி.

மேலூர், நத்தம், கொட்டாம்பட்டி வட்டாரத்தில் பங்குனி, சித்திரையில் ஊர்த் திருவிழா என்றால் இரவு 'வள்ளி திருமணம்' நாடகம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசை நாடகம். பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். ஆர்மோனியக்காரர் பாடி, பபூன் வந்து சிரிக்கவைத்து, டான்ஸ் முடிந்து, கதைக்குள் நுழையவே நடுச்சாமம் தாண்டிவிடும். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலப் பாட்டு நீண்டுகொண்டே போகும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். கதை எல்லோருக்கும் தெரியும், திருப்பம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் சாக்கை விரித்து உட்கார்ந்த அப்பத்தாக்கள் எழுந்து போவதில்லை. ஏனென்றால் மேடையில் ஒரு மனம் நம் கண் முன்னால் அசைந்துகொண்டே இருக்கிறது. வள்ளிக்குக் கோபம் வருகிறது, வெட்கம் வருகிறது, கிழவன் வேடத்தில் வந்தவனைப் பார்த்து எரிச்சல் வருகிறது. அந்தப் பாட்டு எவ்வளவு நீண்டாலும் நமக்குத் துணைக்கு ஒருத்தி இருக்கிறாள்.

இந்தப் படத்தில் அந்தத் துணை இல்லை. விண்வெளியைக் கண்டு வியப்பதற்குத் திரையில் கிட்டத்தட்ட ஆளே இல்லை.

டாக்டர் ஃப்ளாய்ட் என்பவர் நிலவுக்குப் போகிறார். கலத்தில் அவர் தூங்குகிறார். அவர் பேனா மட்டும் காற்றில் மிதக்கிறது. அழகான காட்சி, ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர் தூங்குகிறார். விண்வெளி நிலையத்திலிருந்து வீட்டுக்குப் படத்தொலைபேசியில் பேசுகிறார். ஜன்னலுக்கு வெளியே முழுப் பூமியும் சுழல்கிறது, அவருக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. நிலவில், மனித குலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைப் பார்க்கப் போகும் வழியில், சாண்ட்விச் எப்படி இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பு, நிலவில் புதைந்து கிடந்த ஒரு கரிய தூண். அதை அவர் கையுறையோடு மெல்லத் தொட்டுப் பார்க்கிற ஒரு கணம் உண்டு. அந்த ஒரு கணத்தில் நானும் அவரோடு தொட்டேன். அடுத்து எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வியாழனுக்குப் போகும் இரண்டு வீரர்களும் அப்படியே. பூமியிலிருந்து பெற்றோர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார்கள். மகன் படுத்தபடி பார்க்கிறான், முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. பூமியிலிருந்து ஒரு சொல் போய்ச் சேர ஏழு நிமிடம் ஆகும் தூரம் அது. அந்த ஏழு நிமிடத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவனுக்குக் கனக்கவில்லை. யாருக்கும் எதுவும் ஆகாத இடத்தில் என் கண் மட்டும் எவ்வளவு நேரம் தனியாக வியந்துகொண்டிருக்கும்?

பள்ளியில் ப்ரொஜெக்டர் வைத்து இந்தப் படத்தை மாணவர்களுக்குப் போட்டேன். குரங்குப் பகுதியில் கொஞ்சம் சிரிப்பு, நிலவுப் பகுதியில் பேச்சுச் சத்தம், சிலர் பெஞ்சில் தலை சாய்த்துவிட்டார்கள். வியாழனுக்குப் போகும் கலத்தை இயக்கும் ஹால் 9000 என்ற கணினி வந்து, கண்ணாடிக்கு அப்பால் இரண்டு வீரர்களும் பேசுவதை உதட்டசைவை வைத்தே படித்துவிடுகிறது அல்லவா, அங்கே வகுப்பு கப்சிப் ஆனது. சாய்ந்த தலைகள் நிமிர்ந்தன. கடைசியில் மிஞ்சிய ஒரு வீரர் அதன் நினைவகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அது சொல்கிறது. குரல் இழுபட்டு, தாழ்ந்து, ஒரு பழைய காதல் பாட்டைப் பாடியபடி அடங்குகிறது. விளக்கைப் போட்டதும் ஒரு மாணவி சொன்னாள்: "அந்தக் கம்ப்யூட்டர் பாவம் சார்."

நான்கு பேரைக் கொன்ற கணினி அது. அதில் மூன்று பேர் உறக்கநிலையில் இருந்தவர்கள், அவர்கள் இறப்பதைத் திரையில் சில கோடுகள் நேராவதை வைத்தே காட்டுவார்கள். அவர்களுக்காக வகுப்பில் யாரும் 'பாவம்' சொல்லவில்லை. பயந்த ஒன்றுக்குத்தான் பாவம் என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பகுதியும் மெதுவாகத்தான் நகர்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்கும் சலிக்கவில்லை.

படத்தை நேசிப்பவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். இயந்திரம் மனிதனாகிறது, மனிதன் இயந்திரமாகிறான், அதைக் காட்டத்தான் குப்ரிக் வேண்டுமென்றே வீரர்களை இப்படி வைத்தார் என்று. சரி, ஏற்கிறேன். விளக்கம் சொல்லும் பின்னணிக் குரல் முதலில் திட்டத்தில் இருந்தது, அதை அவரே எடுத்துவிட்டார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் சாண்ட்விச் காட்சியிலேயே அந்தக் கருத்து எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன் பிறகும் அதையே காட்டிக்கொண்டிருந்தால், கருத்து சரியாக இருப்பதால் மட்டும் காட்சிக்கு உயிர் வந்துவிடாது.

1968-இல் பார்த்தவர்களுக்கு இது வேறு படமாக இருந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். படம் வந்தது ஏப்ரலில். அப்பல்லோ 8 வீரர்கள் நிலவைச் சுற்றி, அதன் விளிம்பில் பூமி எழுவதைப் படம் பிடித்தது அந்த ஆண்டு டிசம்பரில். அதாவது தொலைவிலிருந்து பூமியை மனிதக் கண் நேரில் பார்ப்பதற்கு முன்பே இந்தப் படம் காட்டியது. வியக்க வேண்டியவர் திரைக்குள் இல்லாவிட்டாலும் அரங்கு முழுக்க இருந்தார்கள். அதுவும் 70 எம்.எம். பெருந்திரையில். இன்று ஒரு கைப்பேசித் திரையில் அதே காட்சி ஓடும்போது, அந்த வியப்பையும் பார்ப்பவனே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இங்கே எனக்கு 2023 ஆகஸ்ட் 23 நினைவுக்கு வருகிறது. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலை. நாம் நேரலையில் பார்த்தது என்ன? வரைபடத்தில் சரிந்து வரும் ஒரு கோடு, மாறிக்கொண்டே இருக்கும் எண்கள், ஒரு கணினிச் சித்திரம். குப்ரிக்கின் காட்சிகளுக்குப் பக்கத்தில்கூட வைக்க முடியாத காட்சி. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அத்தனை பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு ஆண்டுக்கு முன் சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலம் கைநழுவிப் போனதை அறிந்த முகங்கள் அவை. ஆறு மணி தாண்டி நாலு நிமிடத்தில் கலம் தரையைத் தொட்டதும், விழுப்புரத்துக்காரரான திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பேச எழுந்தபோது, வீட்டில் நாங்களும் எழுந்து நின்றோம். ஒரு கோடும் சில எண்களும் அதைச் செய்ய முடிந்தது, அதைப் பார்ப்பவர்கள் முகத்தில் எல்லாமே தெரிந்ததால்.

இந்த ஆண்டும் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போடப்போகிறேன். சுழலும் நிலையத்தை இயற்பியல் பாடத்தோடு சேர்த்துத் தனியாகக் காட்டிவிட்டு, படத்தை வியாழன் பயணத்திலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஹால் அடங்கியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தையும் முதலிலிருந்து முழுப் படத்தையும் பார்க்க யாருக்கு ஆசை என்று கேட்பேன். கை தூக்குகிறவர்கள் சனிக்கிழமை வரட்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.