ரேஸ் டயர் போட்டால் பிடிப்பு கூடுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன பதிவுக்கு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவே இல்லை. மற்ற கேள்விகளை அடுத்த முறை பார்ப்போம். இன்றைக்கு முழுக்க இது ஒன்றுதான். அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, தினமும் பைக்கில் வேலைக்குப் போக 12 கிலோமீட்டர், வர 12 கிலோமீட்டர். ஞாயிறு விடிகாலையில் மலைப்பாதைக்குப் போவேன். டயர் தேய்ந்துவிட்டது. ரேஸ் டயர் போடு, பசை மாதிரி ஒட்டும் என்கிறான் நண்பன். அன்றாட ஓட்டத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏற்ற ஸ்போர்ட் டூரிங் டயரே போதும் என்கிறார் கடைக்காரர். எதற்குப் பிடிப்பு அதிகம்?"

தம்பி, நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியை இதே வார்த்தைகளில் கேட்டுக்கொண்டு திரிந்தவன். அதனால்தான் மனதில் தங்கிவிட்டது. இந்தக் கேள்வியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. எதற்குப் பிடிப்பு அதிகம் என்பதோடு 'எப்போது' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். திங்கள்கிழமை காலை எட்டரை மணிக்கா, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மலையின் நடுவிலா? இரண்டுக்கும் பதில் வேறு.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆமாம், மறுபடியும் மெழுகுதான். குளிர்ந்த மெழுகைக் கருங்கல்லில் தேய்த்தால் வழுக்கும். கையில் வைத்துக் கொஞ்சம் பிசைந்துவிட்டு அழுத்துங்கள், கல்லின் மேடு பள்ளத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். டயர் ரப்பரும் அப்படித்தான். சாலையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அதில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கல் முனைகள் இருக்கின்றன. ரப்பர் அவற்றின் மேல் நெளிந்து இறங்குவது ஒரு வகைப் பிடிப்பு. சாலையின் மேற்பரப்போடு ரப்பர் நேரடியாக ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. இரண்டுக்குமே ரப்பர் இளகியிருக்க வேண்டும். எந்தச் சூட்டில் இளகும் என்பதை முடிவு செய்வது அதன் காம்பவுண்ட், அதாவது ரப்பர் கலவை.

ரேஸ் டயரின் கலவை ரேஸ் டிராக்கின் சூட்டுக்காகச் செய்தது. அங்கே வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்னாலேயே டயருக்குப் போர்வை மாதிரி ஒரு வார்மரைச் சுற்றி, 80 டிகிரி வரை சூடேற்றி வைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடுமையான பிரேக், கடுமையான முடுக்கம். சூடு இறங்க நேரமே இல்லை. உங்கள் 12 கிலோமீட்டரில் என்ன நடக்கிறது? சிக்னலில் நிற்கிறீர்கள், மெதுவாக நகர்கிறீர்கள், மறுபடி நிற்கிறீர்கள். வேலைக்குப் போய் இறங்கியதும் பின் டயரைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்த்தீர்களா என்று நான் எத்தனை பதிவில் கேட்டிருப்பேன்! வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் ரேஸ் டயர் இன்னும் விழிக்கவே இல்லை. ஸ்போர்ட் டூரிங் டயர் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விழித்துவிட்டது. ஆக, அந்த நிமிடத்தில் கடைக்காரர் சொன்ன டயருக்குத்தான் பிடிப்பு அதிகம்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். பல வருடம் முன்னால் 600 சிசி வண்டி ஒன்றில் டிராக் டயர் போட்டிருந்தேன். ஒரு குளிர்காலக் காலை, ஆறு மணி இருக்கும். சாலையில் பனி ஈரம். வீட்டிலிருந்து இரண்டாவது திருப்பம், வேகம் 25கூட இருக்காது. ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் திறந்தேன். பின் சக்கரம் பக்கவாட்டில் ஒரு முழம் போய்விட்டது. காலை ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். இறங்கிப் பின் டயரில் கை வைத்தேன். கல் தூணைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினேன், பதியவே இல்லை. அதே நாள் பத்தரை மணிக்கு, வெயிலில், மலைப்பாதையில் அதே டயர் நான் நினைத்த கோட்டில் அப்படியே போனது. நின்று நகத்தை அழுத்தினேன். பிறை மாதிரி ஒரு தடம் விழுந்து, மெதுவாக மறைந்தது. அந்தப் பிறையைப் பார்த்த நாளிலிருந்துதான் டயரைத் தொடாமல் நான் வேகம் எடுப்பதில்லை.

சரி, ஸ்போர்ட் டூரிங் டயர் எப்படிச் சீக்கிரம் விழிக்கிறது? சிலிகா. டயரின் கறுப்பு நிறத்துக்குக் காரணம் கார்பன் பிளாக். ரப்பருக்கு உறுதி கொடுப்பது அது. அதோடு சிலிகாவை நிறையச் சேர்த்தால் குறைந்த சூட்டிலும் ரப்பர் இளக்கமாக இருக்கிறது, ஈரச் சாலையிலும் பிடிக்கிறது. இன்னொன்று, ஒரே டயரில் இரண்டு காம்பவுண்ட்: நடுவில் தேயாத கலவை, ஓரங்களில் மென்மையான கலவை. 2000களின் நடுவில் மிச்சலின் நிறுவனத்தின் பைலட் பவர் 2சிடி இப்படி வந்தபோது நாங்களெல்லாம் அதிசயமாகப் பேசிக்கொண்டோம். இன்றைக்கு நல்ல ஸ்போர்ட் டயர்களில் இது சாதாரணம். பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பிரெல்லியின் சூப்பர்கோர்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்பி என்று போட்டிருந்தால் அது சாலையை மனதில் வைத்துச் செய்தது, எஸ்சி என்றால் டிராக்குக்கு. பெயர் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. உங்கள் நண்பர் எதைச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு, முன்பும் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். வளைவில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு பிடிப்பு தேவை? நல்ல காய்ந்த சாலையில் சூடான டயரின் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பைச் சொல்லும் எண், ஏறக்குறைய 1 என்று வைத்துக்கொள்வோம். வண்டி 45 டிகிரி சாய்ந்தால் அந்த ஒன்றும் செலவாகிவிடும். பிரேக்குக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் 30 டிகிரி சாய்ந்தால்? செலவாவது 0.58 மட்டும். இங்கேதான் அழகு இருக்கிறது. மிச்சம் 0.42 என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பக்கவாட்டு விசையும் பிரேக் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வேலை செய்வதால் நேராகக் கழிக்கக் கூடாது. செங்கோண முக்கோணக் கணக்கு போட வேண்டும். போட்டால் பிரேக்குக்கு இன்னும் 0.8 மிச்சம் இருக்கிறது! 30 டிகிரி என்பது நம்மில் நிறையப் பேருக்கு பயம் தட்டும் சாய்வு. அங்கேயும் டயர் பாதிக்கு மேல் கையிருப்பு வைத்திருக்கிறது.

அதே 30 டிகிரியை மழையில் பாருங்கள். கெழு 0.6 ஆக இறங்கிவிட்டது என்று வையுங்கள். செலவு அதே 0.58தான். அதே முக்கோணக் கணக்கு போட்டால் பிரேக்குக்கு மிச்சம் 0.16 மட்டும்தான். சாலையில் அடித்த வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, இவற்றின் மேல் இன்னும் மோசம். அதனால் என்னைக் கேட்டால், காய்ந்த சாலையில் உச்சப் பிடிப்பை 1.1 ஆக்கித் தருகிற டயரைவிட ஈரத்திலும் குளிரிலும் கீழே விழாத டயர்தான் பெரிய விஷயம். தினசரி ஓட்டத்தில் விழுகிறவர்கள் 55 டிகிரி சாய்வில் விழுவதில்லை தம்பி. நான் 25 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கினேனே, அந்த மாதிரி இடத்தில்தான் விழுகிறார்கள்.

டயர் ஓரத்தில் தேயாத பட்டை இருந்தால் அவமானம் என்று சிலர் அதைத் தேய்க்கவே சாய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

அப்புறம் தேய்மானம். வேலைக்குப் போகிற பாதை பெரும்பாலும் நேர்ப்பாதை. மென்மையான டயரின் நடுப்பகுதி அதில் வேகமாகத் தேய்ந்து தட்டையாகிவிடும். ஒரு அளவுகோலைப் பின் டயரின் குறுக்கே வைத்துப் பாருங்கள். புது டயரில் கோல் ஒரு புள்ளியில்தான் தொடும், இரண்டு பக்கமும் ஆடும். தேய்ந்த டயரில் நாலு விரல் அகலத்துக்கு அப்பிக்கொண்டு நிற்கும். அந்தத் தட்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் ஒரு விளிம்பு உருவாகிவிடும். வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு விளிம்பைத் தாண்டியதும் தொபுக்கென்று விழுகிற மாதிரி இருக்கும். வார நாட்களிலேயே வடிவம் கெட்டுப்போன ரேஸ் டயரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

இதுவரை நீங்கள் கேட்டதற்குப் பதில். நீங்கள் கேட்டிருந்தால் நான் துள்ளிக் குதித்திருப்பேன் என்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?" இருநூறு கேள்வி வந்தால் அதில் ஒன்றுகூட இதுவாக இருப்பதில்லை. எந்த டயர் என்பதற்கு அத்தனை விவாதம், உள்ளே இருக்கிற காற்றைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

நண்பர் ஒருவர் வண்டி வளைவில் சாயாமல் எழுந்து நிற்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஹேண்டில் பேரிங்கை மாற்றினார். முன் ஃபோர்க்கில் ஆயில் மாற்றினார். டயர் சரியில்லை, வேறு கம்பெனி போடப் போகிறேன் என்றார். கொண்டுவாருங்கள் என்றேன். முன் டயரில் காற்றழுத்தம் பார்க்கிற கேஜை வைத்தேன். 24 பி.எஸ்.ஐ. இருந்தது, வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பது 36. நிரப்பிக் கொடுத்து ஒரு சுற்று போய்வரச் சொன்னேன். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். புது வண்டி மாதிரி இருக்கிறது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நாள் அவர் அந்த வண்டியோடு சண்டை போட்டிருக்கிறார், காற்றுக்காக.

நிறைய பெரிய ஸ்போர்ட் வண்டிகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 என்று இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று செயின் கவர் ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ பாருங்கள். அந்த எண், குளிர்ந்த டயருக்கான எண். இது மிக முக்கியம். 20 டிகிரியில் 36 வைத்த டயர், உள்ளே காற்று 60 டிகிரிக்குச் சூடானால் 43 வரை காட்டும். அதைப் பார்த்து, ஐயோ அதிகம் என்று பாதி வழியில் காற்றைத் திறந்துவிட்டு 36 ஆக்கினால், மறுநாள் காலை அந்த டயரில் 30தான் இருக்கும். டிராக்கில் காற்றைக் குறைக்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே டயர் சூடாகி அழுத்தம் ஏறும் என்று தெரிந்தே குறைக்கிறார்கள். சாலையில் அந்தச் சூடு வராது. வராத சூட்டுக்காகக் குறைத்தால் டயர் நெளியும், ஹேண்டில் கனக்கும். அளவுக்கு மேல் ஏற்றினால் தரையைத் தொடுகிற பகுதி சுருங்கும், நடுப்பகுதி தேயும், டயர் சூடாகவும் நேரமாகும்.

கேஜ் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கிற இரண்டு கேஜ்களுக்கு நடுவிலேயே 3 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருக்கிறது. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அதையே வையுங்கள்.

டயர் போடப் போகும்போது இரண்டு விஷயம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மாட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஒரே மாடலாகப் போடுங்கள். புது டயர் மேல் வழவழப்பு இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போங்கள். சூடேற்ற வேண்டும் என்று பாம்பு மாதிரி நெளித்து ஓட்டாதீர்கள், அதில் பெரிதாகச் சூடு ஏறாது. நேர்ச் சாலையில் பின்னால் வண்டி வராதபோது உறுதியாகப் பிரேக் பிடித்து, உறுதியாக முடுக்கினால் ஏறும்.

ஆக தம்பி, கடைக்காரர் சொன்னதை வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய்யுங்கள். நாளைக் காலையில் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், இப்போது இருக்கிற அந்த மொட்டை டயரில் கேஜை வைத்துப் பாருங்கள். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, இரண்டு எண்ணையும் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.